கூட உட்கார்ந்து வரைந்தவள்

இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்து படம் போடுவதுதான் என் பிழைப்பு. அதனாலேயே யாரிடம் சொன்னாலும், "நல்லா இருக்கே, புத்தகமா போடேன்" என்கிறார்கள். போட மாட்டேன். இது க்ரோனிங்கன் நகரத்தில், நான் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது எனக்கு நடந்தது. சந்தேகம் இருந்தால் என்னோடு படித்த யோரிட்டைக் கேட்கலாம். அவனும் அந்த அறையில் இருந்தான். ஆனால் நீங்கள் கேட்ட மறுநிமிடம் அவன் போனை வைத்துவிடுவான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது நள்ளிரவில் நடந்ததல்ல. பிற்பகலில் நடந்தது. எங்கள் பக்கம் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கடைகள் திறந்திருக்கும். தெருவில் சைக்கிள் மணிகள் கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டில் யாராவது வெங்காயம் வதக்கிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில்தான்...

முதலில் இருந்து சொல்கிறேன்.

என் பெயர் நீன்கா. முதல் ஆண்டு முழுவதும் வகுப்பில் என் கைதான் நல்ல கை. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் ஆசிரியர் ஹார்மன் என் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, "கோடுன்னா இது" என்று மற்றவர்களுக்குக் காட்டுவார். எனக்கு இரண்டு மேஜை தள்ளி சீட்ஸ்கா உட்காருவாள். டெல்ஃப்ஸைல் துறைமுகத்தில் இருந்து வந்தவள். அதிகம் பேசமாட்டாள். அவள் வரையும் மனிதர்களின் கைகள் துடைப்பக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும்.

"இந்த ஊர்ல யாருக்கும் முழங்கையே கிடையாதாம்மா?" என்று ஹார்மன் கேட்பார்.

எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் மோசமாக வரைந்துகொண்டிருந்த வரைக்கும் பிடித்திருந்தது.

இரண்டாம் ஆண்டு அக்டோபரில் ஒரு நாள், மாதிரிக்கு உட்கார்ந்திருந்த கிழவரை எல்லோரும் வரைந்துகொண்டிருந்தோம். ஹார்மன் ஒவ்வொரு மேஜையாக வந்தார். சீட்ஸ்காவின் பின்னால் வந்ததும் நின்றுவிட்டார். அவள் தாளில் கிழவரின் கை மட்டும் இருந்தது. மணிக்கட்டில் இருந்து விரல் நுனி வரை. நரம்பு, சுருக்கம், நகம். அது உயிருள்ள கை.

ஹார்மன் அவள் தோளை இலேசாகத் தட்டிவிட்டு நகர்ந்தார். என் மேஜையை அன்று அவர் நிற்காமல் கடந்துபோனார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நான் போட்டிருந்த கையை ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

அந்த வாரத்தில்தான் எனக்கு அந்தத் தூக்கம் வர ஆரம்பித்தது.

பிற்பகல் மூன்று மணி தாண்டினால் போதும். எங்கே இருந்தாலும் கண் செருகும். சாதாரணத் தூக்கம் இல்லை. யாரோ விளக்கை அணைப்பது போல இருக்கும். கல்லூரியில் மேஜைமேல் தலை சாய்த்தால் ஒரு மணி நேரம் போனதே தெரியாது. கனவுகூட வராது. எழும்போது தோள் வலிக்கும், நெடுநேரம் குனிந்து வேலை செய்தது போல. உடம்பில் இரும்புச் சத்து குறைவாக இருக்கும் என்று மருத்துவர் மாத்திரை கொடுத்தார்.

ஒருமுறை எழுந்தபோது என் இடது கை விரல்கள் கறுப்பாக இருந்தன. பென்சில் கரி.

நான் வலது கையால் வரைகிறவள்.

தூக்கத்தில் எதிலாவது பட்டிருக்கும் என்று கழுவிவிட்டேன்.

நவம்பரில் கூட்டுப் படம் வந்தது. மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். எனக்கு சீட்ஸ்கா, யோரிட். யோரிட் ஒரு சோம்பேறி. மாடு மட்டும் அருமையாக வரைவான், அதனால் அவன் எந்தப் படம் போட்டாலும் அதில் ஒரு மாடு நிற்கும். நகர நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்கு ஒரு நீளப் படம் போட வேண்டும். கரையோரக் கிராமம் ஒன்றுக்குள் கடல் புகுந்த நாள். காலை யோரிட்டுக்கு, மதியம் எனக்கு, மாலை சீட்ஸ்காவுக்கு. மூன்று தாள்களையும் ஒட்டிவைத்தால் ஒரே படம்.

"மூணு பேர் போட்டதுன்னு தெரியக் கூடாது. ஒரே கை போட்ட மாதிரி இருக்கணும்" என்றார் ஹார்மன்.

"அப்ப நீன்காவே போட்டுரட்டும். நான் காபி வாங்கிட்டு வந்து தரேன்" என்றான் யோரிட்.

"காபிக்கு மார்க் கிடையாது."

யோரிட்டும் சீட்ஸ்காவும் முந்தின நாளே தாளைக் கொடுத்துவிட்டார்கள். ஹார்மன் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். என் தாளை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அதன் வலது ஓரம் வெறுமையாக இருப்பதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை ரொட்டி தின்றுகொண்டே அந்த ஓரத்தில் ஒரு நாயைச் சேர்த்தேன். வெள்ளத்தில் நீந்தும் நாய். தலையும் முன்னங்கால்களும் மட்டும். உடம்பு தாளோடு முடிந்துவிடும். மிச்சத்தை சீட்ஸ்கா தன் தாளில் சேர்த்துக்கொள்ளட்டும், போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

சொல்வதற்குள் ஹார்மன் மூன்று தாளையும் தரையில் விரித்துச் சேர்த்துவைத்துவிட்டார்.

நாயின் பின்பாதி அவள் தாளில் இருந்தது.

நனைந்த முதுகு. மேலே தூக்கிய வால். என் கோடு எங்கே முடிந்ததோ அங்கேயே அவள் கோடு தொடங்கியது. தடிமன்கூட மாறவில்லை.

யோரிட் விசில் அடித்தான். "ரெண்டு பேரும் பேசி வச்சீங்களா?"

நான் சீட்ஸ்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைப் பற்றிச் சிரிப்பது போல.

ஹார்மன் நாயைப் பார்க்கவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் இடுப்பளவு நின்று கட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும்.

"முழங்கை இருக்கு" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீன்கா, இங்க வந்து பாரு. கோடுன்னா இது."

அது எனக்கு உரிய வார்த்தை. ஒரு வருஷமாக எனக்கு மட்டும் சொன்ன வார்த்தை. அதை என்னைக் கூப்பிட்டு, என்னையே பார்க்கச் சொல்லி, அவளுக்குக் கொடுத்தார்.

அன்று வீட்டில் பட்டாணி சூப் ஆறிப்போய் ஆடை படிந்தது. நான் தொடவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கட்டில் தெரிந்தது, அதைத் தூக்கிய கைகள் தெரிந்தன. பொறாமை என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது பல்வலி மாதிரி. வேறு வேலை செய்தாலும் அடியில் வலித்துக்கொண்டே இருந்தது. அவள் என்ன பென்சில் வாங்குகிறாள் என்று கவனித்தேன். அதையே வாங்கினேன். அவள் கத்தியால் பென்சில் சீவினாள். நானும் கத்தியால் சீவினேன். அவள் கை எனக்கு இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று பேருந்தில் உட்கார்ந்து நினைத்திருக்கிறேன்.

அடுத்து தனிப் படங்கள். ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு கதை, அதற்குப் பன்னிரண்டு படம். இந்த முறை விடக் கூடாது என்று முடிவு செய்தேன். என்ன கதை என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. கல்லூரியில் வரையவே இல்லை. என் அறையில் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு வரைந்தேன். எங்கள் ஊரில் யாரும் திரையை மூடுவதில்லை, தெருவில் திரை போட்ட வீடு அது ஒன்றுதான். ஹார்மன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு யோசனை கேட்ட நாளில் சளி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன்.

என் கதை இதுதான். குளிர்காலத்துக்கு மூடிவிட்ட நீச்சல் குளம். கூட்டத்தோடு தெற்கே பறக்காமல் அங்கேயே தங்கிவிட்ட ஒரு காட்டு வாத்து. அதைத் துரத்தத் துடைப்பத்தோடு வரும் காவலாளி, கடைசியில் அதற்குத் துணையாக அங்கேயே படுத்துக்கொள்கிறார். அவர் காலில் ஒரு சாக்ஸ் கோடு போட்டது, இன்னொன்று வெள்ளை. அந்தச் சாக்ஸில் எனக்குத் தனிப் பெருமை.

டிசம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் படங்களைச் சுவரில் ஒட்டினோம். சீட்ஸ்கா எனக்கு முன்னால் ஒட்டினாள்.

முதல் படத்தில் ஒரு நீச்சல் குளம்.

இரண்டாவதில் காட்டு வாத்து.

மூன்றாவதில் துடைப்பத்தோடு காவலாளி. ஒரு சாக்ஸ் கோடு போட்டது.

என் கோப்பு மடியில் இருந்தது. அதைத் திறக்காமல் ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஹார்மன் கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து அவள் படங்களுக்குக் கீழே வைத்தார். பன்னிரண்டும் பொருந்தின. ஒரே வித்தியாசம், மேலே இருந்தவை என்னுடையதைவிட நன்றாக இருந்தன.

யோரிட் எழுந்து கிட்ட வந்து இரண்டு வரிசையையும் பார்த்தான்.

"சீட்ஸ்கா இதை எனக்குப் போன வாரமே காட்டிட்டா" என்றார் ஹார்மன். "நீ அன்னிக்கு வரல."

"சளி."

"சரி. இதை நான் மறைக்க முடியாதும்மா. செவ்வாய்க்கிழமை தேர்வுக் குழு உக்காருது. ரெண்டு பேரும் வந்து சொல்லுங்க."

காப்பி அடித்தது உறுதியானால் அந்த வருஷம் போகும். சில சமயம் கல்லூரியே போகும். வகுப்பில் இருந்த அத்தனை கண்ணும் என்னைத்தான் பார்த்தன. பொறாமைக்காரி யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நடைவழியில் அவளை மறித்தேன். யோரிட் பின்னாலேயே வந்தான்.

"எப்படி எடுத்தே?" என்றேன்.

"என்ன எடுத்தேன்?"

"என் படத்தை. என் ரூமுக்குள்ள எப்படி வந்தே?"

சீட்ஸ்காவின் முகம் வெளுத்துப்போனது. கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் அது மாட்டிக்கொண்டவளின் முகம் இல்லை. நான் அவளை ஏமாற்றிவிட்டது போல இருந்தது.

"எனக்குக் குடுத்துட்டு நீயும் ஏன் அதையே போட்டே?" என்றாள்.

"நான் எப்ப உனக்குக் குடுத்தேன்?"

அவள் யோரிட்டைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இங்க வேண்டாம். நீதான் வெளிய தெரியக் கூடாதுன்னு நெனைக்கிறியோன்னு நான் இத்தனை நாளா வாயத் தொறக்கல. மத்தியானம் வா. எப்பவும் வர்ற மாதிரி."

போய்விட்டாள்.

"அவ ரூமுக்கு நீ போவியா?" என்று யோரிட் கேட்டான்.

"ஒரு தடவைகூடப் போனதில்ல. எந்தத் தெருன்னே தெரியாது."

"எனக்குத் தெரியும். நானும் வரேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆள் வேணும் போல இருக்கு."

கால்வாய் ஓரத்தில், மூடிக்கிடந்த ஒரு சைக்கிள் பழுதுக் கடைக்கு மேலே அவள் அறை. ஏணி போலச் செங்குத்தான படிகள். கோபுர மணி மூன்று அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். சீட்ஸ்கா மேலே கதவைத் திறந்து நின்றாள்.

"இவன எதுக்குக் கூட்டிட்டு வந்தே?" என்றாள். பிறகு, "இன்னிக்கு முன்னாடியே வந்துட்டே."

சின்ன அறை. கட்டில், அடுப்பு, ஜன்னலோரமாக ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள். ஜன்னலுக்கு நேராக இருந்த நாற்காலியின் முன்னால் ஒரு கோப்பைத் தேநீர் நிறைய இருந்தது. ஆறிப்போயிருந்தது.

"இது யாருக்கு?" என்றான் யோரிட்.

"நீன்காவுக்கு. நேத்து வச்சது. ஒரு நாளும் குடிக்க மாட்டா. இருந்தாலும் வச்சுருவேன்."

யோரிட் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அப்புறம் அவள் சொல்லத் தொடங்கினாள். எனக்கே நடந்ததை எனக்கு ஞாபகப்படுத்துவது போலச் சொன்னாள். அக்டோபரில், அந்தக் கிழவர் வகுப்புக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு பிற்பகல் கடையில் இருந்து வந்து பார்த்தால், நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனாம். கீழ்க் கதவில் பூட்டு சரியில்லை, அதனால் அவளுக்கு ஆச்சரியமாகப் படவில்லை. என் பச்சைக் கோட்டைக் கழற்றவில்லையாம். தலைமயிர் ஈரமாக இருந்ததாம். அவள் பென்சிலை எடுத்து, அவள் தாளில், கிழவர் ஒருவரின் கையை வரைந்துகொண்டிருந்தேனாம்.

"நீ பேசவே இல்ல. எனக்குச் சொல்லித் தர வந்திருக்கேன்னு நெனச்சேன். பக்கத்துல உக்காந்து நீ போடற மாதிரியே போட்டேன். அப்புறம் தெனமும் வந்தே. மழை இல்லாத நாள்லகூட உன் தல நனஞ்சுதான் இருக்கும்."

"அந்த நாய்?" என்றேன்.

"நீதான் போட்டே. பின்பாதிய மட்டும். ஏன் பாதிய மட்டும் போடறேன்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. நீ திரும்பவே மாட்டே. ஜன்னல் கண்ணாடியில மட்டும்தான் என்னப் பாப்பே." அவள் கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு அந்தப் பார்வைதான் பிடிக்காது."

"என்ன பார்வை?"

"பசிக்கிற மாதிரி."

யோரிட் சிரிக்க முயன்றான். "செவ்வாய்க்கிழமை வந்தாளா? போன செவ்வாய்?"

"வந்தா."

"போன செவ்வாய் மத்தியானம் இவ அச்சுக்கூடத்துல என் பக்கத்துல இருந்தா" என்றான். சிரிப்பு நின்றுவிட்டது. "மேஜைமேல தலைய வச்சுத் தூங்கிட்டு இருந்தா. பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். தோளப் புடிச்சு உலுக்குனேன். எந்திரிக்கவே இல்ல."

சீட்ஸ்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நான் அவள் மேஜையில் இருந்த பென்சிலைச் சும்மா எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ வலது கைக்காரியா?" என்றாள்.

நான் பென்சிலை மேஜையில் வைத்தேன். அந்தத் தூக்கம் வர ஆரம்பித்திருந்தது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கண்ணாடியில் அறை தெரிந்தது, விளக்கு, கட்டில், நாங்கள் மூன்று பேர். எதிர்க் கரையில் யாரோ கிறிஸ்துமஸ் மரத்தைச் சைக்கிளில் கட்டி இழுத்துப் போனார்கள். என் கண் செருகியது. தூங்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று தெரியவில்லை. தூங்கினால்... நான் எங்கே போவேன்?

"என்னத் தூங்க விடாதீங்க" என்றேன்.

யோரிட் என் மணிக்கட்டைப் பிடித்து நகத்தால் அழுத்தினான். வலித்தது. நல்லது.

கீழே கதவு திறக்கும் சத்தம்.

சீட்ஸ்கா எழுந்து நின்றாள். "இதுதான் வர்ற நேரம்."

படியில் காலடி. மெதுவாக.

தட்.

தட்.

ஏறுகிறவளுக்கு மூச்சு வாங்கியது. இடையில் ஒரு இருமல். வறட்டு இருமல், இரண்டு தடவை.

அந்த இருமலை எனக்குத் தெரியும். பொய்யாகச் சொன்ன சளி நிஜமாகவே வந்து, அந்த வாரம் முழுக்க அது என் தொண்டையில்தான் இருந்தது.

தட்.

கடைசிப் படியில் காலடி நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம். கதவின் அடியில் இருந்த இடுக்கில் இரண்டு நிழல்கள். இரண்டு கால்கள்.

யாரும் தட்டவில்லை.

யோரிட் என் கையை விட்டான். கதவை நோக்கிப் போனான். கைப்பிடியில் கை வைத்தான். திரும்பி எங்களைப் பார்த்தான்.

திறந்தான்.

யாரும் இல்லை. படிகள் மட்டும். மேல்படி முதல் கீழ்ப்படி வரை ஈரம்.

அவன் மூச்சு விட்டான். நானும் விட்டேன்.

அப்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்... சர்ர்...

பென்சில் சத்தம்.

திரும்பினேன்.

நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

முதுகு தெரிந்தது. பச்சைக் கோட்டு. அதே கோட்டுதான் என் உடம்பிலும் இருந்தது. நனைந்த மயிர் காலரில் ஒட்டிக்கிடந்தது. நுனியில் இருந்து தண்ணீர் சொட்டியது.

இடது கை அசைந்தது.

சர்ர்... சர்ர்...

என்னால் நகர முடியவில்லை. அவள் தோளுக்கு மேலாகத் தாள் தெரிந்தது. தாளில் கோடு போவதைப் பார்த்தேன்...

இதை எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் இருக்கும். அந்த நேரத்திலும் எனக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம். ஒரே இழுப்பில் தோள், ஒரே இழுப்பில் கழுத்து. தயக்கம் இல்லை. திருத்தம் இல்லை. என் கை ஒரு நாளும் அப்படி ஒரு கோடு போட்டதில்லை. என் முகம், என் கோட்டு, என் யோசனை. எல்லாம் என்னுடையது. அந்தக் கை மட்டும் எனக்கு இல்லை. அதை சீட்ஸ்காவிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். இவளிடம்.

"என்கிட்ட ஏன் வரல?" என்றேன்.

நான்தான் கேட்டேன். என் குரல்தான்.

பென்சில் நின்றது.

ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கண்கள் நிமிர்ந்தன. இதுவரை சீட்ஸ்காவைப் பார்த்த கண்கள். இப்போது என்னைப் பார்த்தன.

கோபுர மணி அடிக்கத் தொடங்கியது. நாலு.

அவள் திரும்ப ஆரம்பித்தாள்.

மெதுவாக.

காது தெரிந்தது.

கன்னம் தெரிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாலாவது மணி ஓய்ந்தது. நான் திறக்கவில்லை. சீட்ஸ்கா என் தோளைத் தொட்டபோதுதான் திறந்தேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாளாம். நாற்காலி காலியாக இருந்தது. உட்காரும் இடம் நனைந்திருந்தது. யோரிட் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான்.

அவன் கண்ணை மூடவில்லை.

"என்ன பாத்தே?" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தான். தொப்பியை விட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டான். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் என்னோடு பேசியதில்லை. ஜனவரியில் புகைப்படப் பிரிவுக்கு மாறிக்கொண்டான்.

மேஜையில் அந்தத் தாள் இருந்தது. இந்த அறைதான். கட்டில், அடுப்பு, கதவருகில் யோரிட், மேஜையருகில் சீட்ஸ்கா. நான் நின்ற இடத்தில் தரைப்பலகைகள் மட்டும் கவனமாக வரையப்பட்டிருந்தன. நான் அதில் இல்லை.

சீட்ஸ்கா அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை தேர்வுக் குழு முன்னால் அவளே முதலில் பேசினாள்.

"யோசனை நீன்காவோடது. அவ போடறதப் பாத்துத்தான் நான் போட்டேன்."

"எப்ப பாத்தே?" என்றார் ஹார்மன்.

"தெனமும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. அந்த வாரமே சாமான்களைக் கட்டிக்கொண்டு டெல்ஃப்ஸைலுக்குப் போய்விட்டாள். நான் தேர்ச்சி பெற்றேன். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். துறைமுக அலுவலகத்தில் வேலை. பார்க்க நன்றாக இருந்தாள். வரைவதே இல்லை என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக்கூடக் கொஞ்சம் ஆசையாக இருந்தது.

அந்தப் பிற்பகல் தூக்கம் அன்றோடு நின்றுவிட்டது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

இப்போது நான் உட்ரெக்ட் நகரத்தில் இருக்கிறேன். பள்ளிப் புத்தகங்கள், காலண்டர்கள், சில சமயம் ஒரு கதைப் புத்தகம். மோசமில்லாத கை என்று பெயர். அந்தக் கோடு எனக்குக் கடைசிவரை வரவே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புத்தகக் கடையில் நார்வேக்காரி ஒருத்தியின் படப் புத்தகத்தைப் பார்த்தேன். ராக்னா என்று பெயர். ட்ரோம்ஸோவில் இருக்கிறாள். முதல் புத்தகமாம். பேருந்து நிறுத்தத்தில் ஒரு கரடி நிற்கிறது, அவ்வளவுதான் படம். அதன் தோளை ஒரே இழுப்பில் போட்டிருந்தாள். கடைக்காரப் பெண் வந்து "மூடப் போறோம்" என்று சொல்லும்வரை நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. வாங்கிவந்தேன். வாங்கிய புத்தகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. அகராதிகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட.

போன வசந்தத்தில் ஆன்ட்வெர்ப்பில் நடந்த புத்தகக் கண்காட்சிக்கு அவள் வந்திருந்தாள். அதுவரை நாங்கள் சந்தித்ததில்லை. கடிதமோ போனோ எதுவும் இல்லை. கையெழுத்து வாங்கும் வரிசையில் நானும் நின்றேன். எதற்கு நின்றேன் என்று கேட்காதீர்கள். அவள் கையைப் பக்கத்தில் இருந்து ஒருமுறை பார்க்க வேண்டும் போல இருந்தது.

என் முறை வந்தது. புத்தகத்தை வைத்தேன். பெயரைச் சொன்னேன்.

"நீன்கா."

ராக்னா நிமிர்ந்து பார்த்தாள். நாள்தோறும் பார்க்கிற ஆளைப் பார்ப்பது போல இயல்பாகச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் குழம்பியது.

"நீங்க பேசுவீங்களா?" என்றாள்.

பின்னால் வரிசையில் யாரோ குழந்தையை அதட்டினார்கள்.

"நீங்க என்னிக்காவது பேசினா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தப்பா நெனைக்காதீங்க." அவள் பேனாவை மூடி வைத்தாள். "என் பக்கத்துல உக்காந்து வரைஞ்சீங்க, சரி. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இப்பல்லாம் ஏன் என் பொண்ணோட ரூமுல போய் உக்கார்றீங்க? அவளுக்கு நாலு வயசுதான். ரொம்ப நல்லா வரையறா, எல்லாரும் அசந்து போறாங்க. ஆனா முன்னாடி வாய் ஓயாம பேசுவா. இப்ப யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசறதில்ல. உங்கள மாதிரியே."